பணியாளருக்குப் பயிற்சி உண்டு, பயணிக்கு?

2016 ஆகஸ்ட் 3 அன்று 282 பயணிகளும் 18 பணியாளர்களுமாகத் திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பிய எமிரேட்ஸ் விமானம், துபாய் ஓடுபாதையைத் தொட்டபின் மீண்டும் மேலெழ முயன்றது. எஞ்சின்களின் விசை உரிய நேரத்தில் கூட்டப்படவில்லை. சக்கரங்கள் மடங்கிக்கொண்டிருக்க, விமானம் ஓடுபாதையில் விழுந்து உரசிச் சென்று தீப்பற்றியது. சுமார் ஒன்பது நிமிடம் கழித்து நடு எரிபொருள் தொட்டி வெடித்ததில் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். விமானத்தில் இருந்த 300 பேரும் பிழைத்தார்கள்.

இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. கேபின் பணியாளர்கள் மாதிரி விமானத்துக்குள் புகை சூழப் பழகுகிறார்கள். கதவைத் திறக்குமுன் வெளியே நெருப்பு இருக்கிறதா என்று சன்னல் வழியே பார்க்கக் கற்கிறார்கள். ஒரு வாசல் உதவாது என்றால் அதை மறித்து நின்று கூட்டத்தை வேறு வாசலுக்குத் திருப்புகிறார்கள். துபாயில் காற்று, வாசலிலிருந்து கீழே இறங்க விரியும் சறுக்குகள் சிலவற்றைத் தூக்கி, இறங்க முடியாதபடி செய்துவிட்டது. அந்த நேரத்தில் ஆட்களை நல்ல வாசல் பக்கம் திருப்பிவிட்டது இந்தப் பழக்கம்தான்.

ஆனால் தலைமை விமானியும் மூத்த பணியாளர் ஒருவரும் தவிர மற்ற எல்லோரும் வெளியேற ஏறக்குறைய 6 நிமிடம் 40 நொடி ஆயிற்று. விமானத்துக்குச் சான்றிதழ் தரும் சோதனை 90 நொடி என்கிறது. இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது நியாயமில்லை. உதவாத சறுக்குகளும் கணக்கில் வரவேண்டும். என்றாலும் அந்தச் சோதனையின் வரம்பை இது காட்டிக்கொடுக்கிறது. பாதி வாசல்களை மூடி, இருட்டில் நடத்துகிறார்கள் என்பது அதன் பலம். 2006இல் ஏ380 விமானத்திலிருந்து 873 பேர் 78 நொடியில் இறங்கினார்கள். ஆனால் அங்கே உண்மைப் புகை இல்லை, கைக்குழந்தைக்குப் பதில் பொம்மை. தன் பெட்டியை விட மனமில்லாமல் நடைவழியில் நிற்கும் ஆளும் இல்லை.

துபாய் விமானத்தில் அப்படி நின்றவர்கள் இருந்தார்கள். உள்ளே எடுத்த காணொளியில், புகைக்கு நடுவே மேலடுக்கைத் திறந்து பையை இழுப்பவர்களைக் காணலாம். பணியாளர்கள் கத்தியும் பலர் கேட்கவில்லை. நாட்டில் பலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். வளைகுடாவுக்குப் போகும் குமரி மாவட்டத்துக்காரருக்கோ கொல்லத்துக்காரருக்கோ அந்தப் பைக்குள் இருப்பது பாஸ்போர்ட், விசா, சான்றிதழ். அது போனால் வேலையே போய்விடும் என்ற அச்சத்தை ஏளனத்தால் போக்க முடியாது.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தின் 379 பேரும் தப்பினார்கள். எட்டு வாசல்களில் மூன்றுதான் பயன்பட்டன, ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை, பெரும்பாலோர் வெறுங்கையோடு இறங்கினார்கள். ஜப்பானியர் ஒழுங்கானவர்கள் என்பதோடு விளக்கம் முடிந்துவிடாது. பெட்டியோடு இறங்கினால் என்ன ஆகும் என்பதைப் பயணிக்குக் காட்டிப் புரியவைக்கும் முயற்சியும் அங்கே நடந்திருக்கிறது. நம் பக்கத்து அறிவிப்போ பெரும்பாலும் பெல்ட், மூச்சுமுகமூடி, உயிர்காப்பு உடுப்பு என்று ஓதி முடிகிறது.

மேலடுக்குகளை விமானம் இறங்கும்போது பூட்டிவிடலாம் என்ற யோசனை உண்டு. ஆனால் பூட்டியது தெரியாமல் ஒருவர் இழுத்துக்கொண்டே நின்றால் பின்னால் வருபவர் மாட்டிக்கொள்வார். அதைவிட எளிய வழி இருக்கிறது. விமானம் இறங்கத் தொடங்கும் முன்பே மலையாளத்திலும் தமிழிலும் இப்படிச் சொல்லலாம்: "பாஸ்போர்ட்டையும் முக்கியக் காகிதங்களையும் சட்டைப்பையிலோ இடுப்புப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் பெட்டியைத் தொடாதீர்கள். அதன் கூர்முனை சறுக்கைக் கிழித்தால் பின்னால் வருபவருக்கு வழியில்லை."

பணியாளர் பயிற்சியின் தரத்தில் குறை காண அதிகமில்லை. ஆனால் 18 பேரைப் பழக்கிவிட்டு 282 பேரை அப்படியே விட்டுவிடுகிற ஏற்பாட்டைப் பாதிப் பயிற்சி என்றுதான் சொல்லவேண்டும்.