புட்பகமும் மயிற்பொறியும்

விண்வெளிச் செய்தி ஏதேனும் வந்துவிட்டால் தமிழாசிரியர் நாவில் முதலில் எழுவது புட்பக விமானமே. "இவையெல்லாம் நம் காவியங்களில் அன்றே இருந்தன" என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடுகிறோம். யானும் பல்லாண்டு அவ்வாறே சொல்லி வந்தவன். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தன் மறுபயன் கலத்துக்குப் 'புஷ்பக்' என்றே பெயரிட்டபின் இவ்வழக்கம் மேலும் வலுத்துவிட்டது. அப்பெயர் எவ்வளவு பொருந்தும் என்று ஆராய்வது நன்று.

புட்பகம் தெய்வ ஊர்தி. குபேரனிடமிருந்து இராவணன் கவர்ந்தான். போர் முடிந்தபின் இராமன் அதில் ஏறி அயோத்தி மீண்டான். எத்தனை பேர் கைமாறினும் அது நினைத்த இடம் செல்லும். அதற்குப் பட்டறை வேண்டா.

சீவக சிந்தாமணியின் மயிற்பொறி வேறுவகை. அதனைக் கம்மியன் ஒருவன் செய்கிறான். துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு எனப் பொருள்களையும், ஏழு நாள் எனக் காலத்தையும் திருத்தக்கதேவர் கூறுகிறார். விசயை அதனைச் செலுத்தப் பழகுகிறாள். வலப்புறம் திருகினால் எழும்; இடப்புறம் திருகினால் இறங்கும். ஆயினும் அது இறங்கியது அரண்மனையிலன்று, சுடுகாட்டில். இதுவும் கற்பனையே. எனினும் பொருள், உழைப்பு, பயிற்சி, இடர் ஆகிய நான்கையும் எண்ணிப் பார்த்த கற்பனை.

அமெரிக்க விண்ணோடத்தைத் திட்டமிட்டோர் அதனைப் புட்பகமாகவே கண்டனர் எனலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 50 முறை பறக்கும் என்று 1970-களின் தொடக்கத்தில் எதிர்பார்த்தனர். 1981 ஏப்ரல் 12-இல் கொலம்பியா முதன்முதல் பறந்தது. ஆனால் அதிகம் பறந்த 1985-ஆம் ஆண்டிலும் ஒன்பது பயணங்களே நிகழ்ந்தன. 2011-இல் திட்டம் முடியும்வரை மொத்தம் 135. ஒவ்வொரு முறை திரும்பியபின்னும் வெப்பம் தாங்கும் ஓடுகள் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவற்றைப் பார்வையிட வேண்டியிருந்தது. 1986-இல் சேலஞ்சரும் 2003-இல் கொலம்பியாவும் அழிந்து பதினான்கு உயிர்கள் போயின.

நம் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளிக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். மங்கும் வாளியும் நாள்தோறும் பயன்படுவன. ஆனால் கழுவித் துடைத்தால்தான் மறுநாளுக்கு உதவும். மறுபயன் என்பது திரும்பி வருவதோடு முடிவதன்று. திரும்பி வந்ததை மீண்டும் ஆயத்தம் செய்யும் செலவிலேதான் அதன் வெற்றி தங்கியிருக்கிறது.

இந்தியர் சென்ற வழியைப் பாருங்கள். 2007 சனவரியில் 550 கிலோ எடையுள்ள சிறு கூடு ஒன்றைச் சுற்றுப்பாதையிலிருந்து மீட்டனர். 2016 மே 23-இல் சிறகுடைய சோதனைக் கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 65 கிலோமீட்டர் உயரம் எழுந்து வங்கக் கடலில் வந்து சேர்ந்தது. தரையிறங்கும் சோதனை 2023 ஏப்ரலில்தான் நிகழ்ந்தது. ஹெலிகாப்டர் தூக்கிச் சென்று விடுவிக்க, கலம் தானே சித்திரதுர்க்காவில் ஓடுபாதை சேர்ந்தது. 2024 மார்ச்சில் இறங்கிய கலத்தின் உடலையே சூன் மாதச் சோதனைக்கும் பயன்படுத்தினர். பெயர் புஷ்பக், முறையோ மயிற்பொறியின் முறை.

ஒருமுறை விண்ணோடத்தைப் பற்றிச் சொன்னபோது, "அப்படியானால் ஏன் ஐயா நிறுத்திவிட்டார்கள்?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். புட்பகக் கதை மட்டுமே என் கையில் இருந்தது; விடை இல்லை. முன்னேற்றத்தை முதற் பயணத்தைக் கொண்டு அளந்ததே என் பிழை. இரண்டாம் பயணத்துக்கு எவ்வளவு உழைப்புத் தேவைப்பட்டது என்பதே சரியான அளவுகோல்.

ஆசிரியர்களே, புட்பகத்தைக் கைவிட வேண்டுவதில்லை. அதன் பக்கத்தில் மயிற்பொறியையும் வைத்துப் பாடம் சொல்லுவோம். வியப்பதற்கு ஒன்று, வினவுவதற்கு மற்றொன்று.