கவிதைக்குப் பக்கத்தில் ஒரு கோடு

மணிமுத்தாறு அணை பார்க்கப் போகிறவர்கள் திரும்பும் வழியில் அம்பாசமுத்திரம் தாண்டிக் கொஞ்சம் வடக்கே போனால் கடையம் வந்துவிடும். கவிஞர் பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். தன் எழுத்தையெல்லாம் 40 நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட்டு, தீப்பெட்டி மாதிரி வீடுதோறும் விற்கவேண்டும் என்று பாரதி 1920இல் திட்டம் போட்டது இந்த ஊரில் இருந்துகொண்டுதான்.

படத்தின் பலமும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் கருத்துப்படம் போட்டு, அதற்கு விளக்கமும் எழுதினார். முழுக்கப் படங்களாலேயே ஆன ‘சித்ராவளி’ என்ற இதழுக்கும் ஆசைப்பட்டார், அது கைகூடவில்லை. கவிஞரும் ஓவியரும் ஒரே தாளில் சந்திக்கும் புத்தகங்கள் பிறகு எத்தனையோ வந்தன. ஆனால் நம்மில் பலர் கவிதையைப் படித்துவிட்டுப் படத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். கொஞ்சம் நின்று பார்க்கச் சில வழிகள்:

படத்தைக் கையால் மறையுங்கள்

முதலில் கவிதையை மட்டும் படியுங்கள். மனசில் என்ன எழுகிறது என்று பாருங்கள். பிறகு கையை எடுங்கள். நீங்கள் கண்டதும் ஓவியர் கண்டதும் எங்கே விலகுகின்றன? அந்த விலகலில்தான் சுவை இருக்கிறது. கடைசியாக ஒருமுறை கவிதைக்குத் திரும்புங்கள். முதலில் கவனிக்காத ஒரு சொல் இப்போது கண்ணில் படும்.

எதிரொலியா, பதிலா?

கவிதையில் மழை பெய்கிறது. ஓவியரும் மழையையே வரைந்தால் அது எதிரொலி. திண்ணையில் யாரோ மறந்துவிட்டுப் போன குடையை வரைந்தால் அது பதில். கவிதை சொல்லாமல் விட்டதைத் தொடுகிற படமே நல்ல துணை.

கோட்டின் குணத்தைப் பாருங்கள்

என்ன வரைந்திருக்கிறார் என்பதோடு, எப்படி வரைந்திருக்கிறார் என்பதையும் பாருங்கள். தாகூரின் ‘சஹஜ் பாட்’ (1930) வங்காளக் குழந்தைகளின் அரிச்சுவடி. அதற்கு நந்தலால் போஸ் லினோலியத்தில் செதுக்கி அச்சிட்ட படங்களைத் தந்தார். கத்தி எடுத்த இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு; நடுவில் சாம்பல் நிறம் கிடையாது. எழுத்துப் பழகும் பிள்ளைக்கு எழுதிய எளிய வரிகளுக்கு அந்தச் சிக்கனம் அப்படியே பொருந்துகிறது.

நம் பக்கத்தில் கே.எம். ஆதிமூலம் (1938–2008). இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ எழுதியபோது கோட்டோவியம் போட்டவர் அவர். கி.ரா. எழுதியது உரைநடை என்றாலும் அதன் பேச்சோட்டத்தில் பாட்டின் தாளம் உண்டு. ஆதிமூலத்தின் பேனாக்கோடு வழவழப்பாக ஓடாது. பிசிறடிக்கும், ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே விழுந்து அடர்ந்து, சட்டென்று அறுந்துபோகும். மழை பார்க்காத கரிசல் நிலத்தின் வெடிப்பு அந்தக் கோட்டிலேயே இருக்கும். தனியாக நிலத்தை வரையவேண்டிய தேவையே அவருக்கு இல்லை.

வெள்ளை இடத்தையும் படியுங்கள்

படம் பக்கத்தின் மேலேயா, அடியிலா, எதிர்ப்பக்கத்திலா? சுற்றி எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள்? பக்கத்தைத் திருப்பிய பிறகு வரும் படம் வேறு, கவிதையோடு சேர்ந்தே கண்ணில் விழும் படம் வேறு. மறுபதிப்பில் படத்தைச் சுருக்கி மூலையில் ஒட்டியிருந்தால், முடிந்தால் பழைய பதிப்பைத் தேடிப் பாருங்கள். 1913இல் பாரிஸில் சாந்த்ரார் என்ற கவிஞரும் சோனியா தெலோனே என்ற ஓவியரும் செய்த புத்தகம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளமுள்ள மடிப்புத் தாள். இடப்பக்கம் வண்ணம், வலப்பக்கம் கவிதை, இரண்டும் கூடவே கீழிறங்கும். அதைத் துண்டாக வெட்டினால் புத்தகமே போச்சு.

அடுத்தமுறை படம் போட்ட கவிதைப் புத்தகம் வாங்கும்போது, விலையைப் பார்க்கும் அதே பக்கத்தில் ஓவியர் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பதிப்பகத்துக்கு ஒரு கார்டு போட்டுக் கேளுங்கள். பாதிப் புத்தகத்தை அவர்தான் எழுதியிருக்கிறார்.