போலச்செய்தலும் மூலமும்: மென்பொருட் சிந்தசைசர்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

இலக்கிய விமர்சனத்திற் பயிற்சியுடையோர் ‘போலச்செய்தல்’ என்னுஞ் சொல்லை நன்கறிவர். அரிஸ்ரோட்டிலின் கலைக்கோட்பாட்டை விளக்கும்பொருட்டுத் தமிழில் வழங்கிவரும் அச்சொல்லை இக்கட்டுரையில் வேறொரு துறைக்கு எடுத்துச்செல்ல விழைகின்றேன். 1970களிலும் 1980களிலும் தோன்றிய இலத்திரனியல் இசைக்கருவிகளைப் போலச்செய்து இன்று கணினியில் இயங்கும் மென்பொருட் சிந்தசைசர்களே இங்கு நோக்கப்படுவன. இவற்றுள் எது சிறந்தது என்னும் வினா இசையில் ஈடுபாடுடைய மாணவரிடையே அடிக்கடி எழுகின்றது. ‘மூலத்தைப் போலவே ஒலிப்பது எதுவோ அதுவே சிறந்தது’ என்பதே பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் விடை. அவ்விடை போதுமானதன்று என்பதும், போலச்செய்தலை மதிப்பிட வேறு அளவுகோல்கள் வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் வாதமாகும்.

தொடங்குமுன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளுதல் தகும். இங்கு பேசப்படும் மூலக்கருவிகளுள் ஒன்றையேனும் நான் தொட்டு வாசித்தவனல்லன். அவற்றின் ஒலியை இசைப்பதிவுகள் வாயிலாகவே அறிவேன். மினிமூக் போன்ற கருவிகள் அண்மைக் காலத்தில் மறுபடியும் உற்பத்தி செய்யப்பட்டுள்ளனவெனினும், அவற்றின் விலை எம் போன்ற மாணவரின் கைக்கு எட்டுவதன்று. அவ்வாறாயின் நகலை மதிப்பிடும் தகுதி எமக்கு எவ்வாறு வாய்க்கும்? கிரேக்க மொழியறியாத ஒருவர் சோபொக்கிளிசின் நாடகங்களை மொழிபெயர்ப்பிற் பயின்று அவைபற்றிப் பேசுவதை நாம் மறுப்பதில்லை. மொழிபெயர்ப்பு மூலத்துக்கு எவ்வளவு அண்மையானது என்று அவராற் கூறவியலாது. ஆனால் அது நாடகமாக நிற்கின்றதா, அதனாற் கற்க முடிகின்றதா என்று அவராற் கூறமுடியும். எமது நிலையும் அத்தகையதே.

முதலில் ‘மூலம்’ என்பது யாதென ஆராய்தல் வேண்டும். றொபேர்ட் மூக் 1964 ஆம் ஆண்டில் தமது முதலாவது சிந்தசைசர் மாதிரியை அமைத்தார். 1968 இல் வெண்டி கார்லோஸ் அவரது கருவியைக் கொண்டு பாக்கின் இசையாக்கங்களைப் பதிவுசெய்து வெளியிட்ட இசைத்தட்டு, இக்கருவியின் ஆற்றலை உலகறியச் செய்தது. 1970 இல் மினிமூக் வெளிவந்தது. மூன்று அலையங்களையும், திரான்சிற்றர்களை ஏணிப்படிகள்போல் அடுக்கி அமைத்த வடிகட்டியொன்றையும் கொண்ட இக்கருவி, ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே இசைக்கவல்லது. அதன் திரான்சிற்றர்கள் வெப்பநிலைக்கேற்ப நடத்தை மாறுபவை. ஆதலாற் கருவி சூடேறுந்தோறும் சுருதி சிறிது விலகும். கொள்ளளவிகளும் தடையிகளும் ஆண்டுகள் செல்லச்செல்லத் தம் பெறுமானத்தில் மாறுபடும். எனவே ஒரே தொழிற்சாலையிற் பிறந்த இரு மினிமூக்குகள் இன்று ஒரே விதமாக ஒலித்தல் அரிது.

1978 இல் டேவ் சிமித் உருவாக்கிய புறொபெற்-5 இதனை மேலுந் தெளிவாக்குகின்றது. நுண்செயலியின் துணையால் ஒலியமைப்புக்களை நினைவில் வைத்துக்கொள்ளக்கூடியதாயும், ஐந்து சுரங்களை ஒருங்கே இசைக்கக்கூடியதாயும் அமைந்த கருவி அது. அதன் முதலிரு பதிப்புக்களில் ஒரு நிறுவனத்தின் சில்லுகளும், மூன்றாம் பதிப்பில் வேறொரு நிறுவனத்தின் சில்லுகளும் பொருத்தப்பட்டன. பெயர் ஒன்றாயினும் ஒலி இரண்டு. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிக்கப் புகுந்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் எதிர்கொண்ட பாடபேதச் சிக்கல் இங்கும் உண்டு. பல பிரதிகளுள் எப்பாடத்தைக் கொள்வது, எதனைப் பிழையெனத் தள்ளுவது என்று தீர்மானித்த பின்னரே பதிப்பு உருவாகின்றது. மென்பொருளாளனும் எக்கருவியை முன்மாதிரியாகக் கொள்வது, அதன் எக்குறையை இயல்பென ஏற்பது என்று தீர்மானித்தே தன் பணியைத் தொடங்குகின்றான். போலச்செய்தல் இயந்திரப் பிரதியெடுப்பன்று. அது தன்னளவில் ஒரு விமர்சனச் செயல் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இன்னொரு செய்தியும் உண்டு. நாம் மூலங்கள் என்று போற்றுவனவே ஒரு காலத்திற் போலச்செய்தல்களாய் இருந்தன. றோலண்ட் நிறுவனம் 1981 இல் வெளியிட்ட ரி.பி.-303, பேஸ் கிற்றாரைப் போலச்செய்வதற்கென அமைக்கப்பட்டது. அம்முயற்சியில் அது தோல்வியே கண்டது. 1984 இல் அதன் உற்பத்தி நின்றது. மலிவாய்க் கைமாறிய அக்கருவியை எடுத்து, அதன் வடிகட்டிக் குமிழைத் திருகித் திருகி ஒலியை நெளியவிட்டனர் சிக்காகோ இளைஞர். அவர்களுள் ஃபியூச்சர் குழுவினர் 1987 இல் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து ‘அசிட் ஹவுஸ்’ என்னும் இசைவகை கிளைத்தது. அதே நிறுவனத்தின் ரி.ஆர்.-808 மத்தளக்கருவி 1980 இல் வெளிவந்தது. அதன் தனித்துவமான சீறலொலிக்குக் காரணம், தரக்குறைவெனக் கழிக்கப்பட்ட திரான்சிற்றர்கள். குறைகடத்தி உற்பத்தி திருந்தியதும் அத்தகைய பழுதான உறுப்புக்கள் கிடையாமற்போயின; 1983 உடன் அக்கருவியும் நின்றது. போலச்செய்தல் தவறிய இடத்திலேயே புதிய கலை பிறந்தது. இவ்வரலாற்றை அறிந்தபின் ‘மூலத்துக்கு எவ்வளவு அண்மை’ என்பதை ஒரேயோர் அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்துமா?

இனி மென்பொருளின் தொழிற்பாட்டைச் சிறிது நோக்குவோம். கணினி ஒலியைத் தொடர்ச்சியாக அன்றி, செக்கனுக்கு 44,100 மாதிரிகள் என்றவாறு துண்டுதுண்டாகக் கணிக்கின்றது. அவ்வெண்ணிக்கையின் அரைவாசியான 22,050 ஹேட்சுக்கு மேற்பட்ட மீடிறன்கள் கணிப்பினுள் எழுமாயின், அவை கீழ்நோக்கித் திரும்பி மூலத்தில் இல்லாத இரைச்சலாக ஒலிக்கும். மற்றொரு சிக்கல் வடிகட்டியின் பின்னூட்டத்தில் உள்ளது. மின்சுற்றில் வெளிவரும் சமிக்ஞை ஏறத்தாழ அக்கணமே உள்ளே திரும்புகின்றது. கணினியிலோ அது ஒரு மாதிரி தாமதித்தே திரும்பும். அச்சிறு தாமதம் வடிகட்டியின் குணத்தையே மாற்றிவிடும். இதனை நீக்க ஒவ்வொரு மாதிரியிலும் சமன்பாடுகளை ஒருங்கே தீர்க்கவேண்டியுள்ளது. ஜேர்மனியின் யூ-ஹி நிறுவனம் வெளியிட்ட டிவா இம்முறையைக் கையாண்டு பெயர்பெற்றது. மூக், றோலண்ட் முதலிய கருவிகளின் வெவ்வேறு பகுதிகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொள்ளவும் அது இடந்தருகின்றது. ஒலிச்செழுமையில் அதற்கு நிகரானவை சிலவே. ஆனால் அதன் துல்லிய நிலைகளுள் உயர்ந்ததைத் தெரிந்தால், பழைய மடிக்கணினியொன்று அச்சுமையைத் தாங்குவது அரிது. செம்மை நாடும் கலை, வசதியுடையோரின் கலையாகிவிடும் ஆபத்து இங்கும் உள்ளது.

யமாஹா நிறுவனத்தின் டி.எக்ஸ்.-7 வேறொரு வகையைச் சார்ந்தது. ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சவுணிங் 1967 இற் கண்டறிந்த மீடிறன் பண்பேற்ற முறையினை அடிப்படையாகக்கொண்டு 1983 இல் அது வெளிவந்தது. ஆறு இயக்கிகளை 32 விதமாக இணைத்துப் பதினாறு சுரங்களை ஒருங்கே இசைப்பது அது. அதன் ஒலி தொடக்கத்திலேயே எண்களாற் கணிக்கப்படுவது. ஆகவே அதே எண்களைக் கணினி கணிக்கும்போது மூலத்துக்கும் நகலுக்குமிடையே எஞ்சும் வேறுபாடு மிகச் சிறிது. பழைய கருவியின் எண்-ஒலி மாற்றி சேர்த்த மெல்லிய கரகரப்பு அவ்வெஞ்சியவற்றுள் ஒன்று. டெக்செட் என்னும் இலவச மென்பொருள் இக்கருவியைப் போலச்செய்கின்றது. அன்று டி.எக்ஸ்.-7 க்கென ஆக்கப்பட்ட ஒலியமைப்புத் தரவுகளையும் அது நேரடியாக வாசிக்கவல்லது. ஒரு தலைமுறையின் உழைப்பு அடுத்த தலைமுறையின் கைக்கு அழியாது வந்துசேர்கின்றது.

இவற்றோடு ஒப்பிடுகையில், பல மென்பொருள்கள் மூலத்தின் புறத்தோற்றத்திலேயே பெருங்கவனஞ் செலுத்துகின்றன. மரச்சட்டமும் திருகாணியும் திரையிலே தத்ரூபமாய் வரையப்படுகின்றன. ஆனால் ஒரு சுரமே இசைக்கும் மினிமூக்குக்குப் பல சுரம் இசைக்கும் வசதியும், மூலத்தில் இல்லாத பிற இணைப்புக்களும் அவற்றிற் சேர்க்கப்படுகின்றன. வசதி பெருகுவதைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. எனினும், ஒரு சுரத்தால் அனைத்தையும் சொல்லவேண்டும் என்ற கட்டுப்பாடே அக்கருவியை வாசித்தோரின் இசைக்கு உருவங் கொடுத்தது. யாப்பை நீக்கிவிட்டு வெண்பாவின் ஓசையை மட்டும் வேண்டுதல் போன்றதே இது. இவ்வகையிற் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ரி.ஏ.எல். நிறுவனத்தின் யூனோ-எல்.எக்ஸ். பாராட்டத்தக்கது. 1982 இல் றோலண்ட் வெளியிட்ட ஜூனோ-60 எளிய கருவி. குரலொன்றுக்கு ஓர் அலையமே உடையது. அவ்வெளிமையை மென்பொருளும் பெரிதுங் காத்துள்ளது. ஒவ்வொரு நெம்புகோலும் என்ன செய்கின்றது என்பதைத் தொடக்க மாணவனும் சில நாள்களில் உணர்ந்துகொள்வான்.

இறுதியாக ஆயுள் பற்றிய வினா எழுகின்றது. 1997 இற் சுவீடனின் புறொப்பலர்கெட் நிறுவனம் ரி.பி.-303 ஐயும் ரி.ஆர்.-808 ஐயும் போலச்செய்து ரீபர்த் என்னும் மென்பொருளை வெளியிட்டது. 2005 இல் அதன் விருத்தி நிறுத்தப்பட்டு இலவசமாக வழங்கப்பட்டது. பின்னர் ஐபாட் முதலிய சாதனங்களுக்கென மறுபிறப்பெடுத்த அதன் வடிவமும், மூலக்கருவியின் உரிமையாளர் எழுப்பிய அறிவுச்சொத்துரிமைப் பிரச்சினையால் 2017 இல் மீளப்பெறப்பட்டது. 1981 இன் கருவி இன்றும் பழுதுபார்க்கப்பட்டு ஒலிக்கின்றது. அதன் நகலோ அதற்குமுன் மறைந்தது. இயங்குதளம் மாறினாலும் உரிமம் நீக்கப்பட்டாலும் மென்பொருள் மடியும். மறுபுறத்தில், டெக்செட் தன் மூலநிரலைத் திறந்து வைத்துள்ளது. விற்பனைப் பொருளாகத் தொடங்கிய சேர்ஜ் என்னும் சிந்தசைசரின் மூலநிரல் 2018 இல் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது. 1983 இல் டேவ் சிமித்தும் இக்குதாரோ ககெஹாஷியும் முன்னின்று உருவாக்கிய மிடி இணைப்புமுறை, உரிமக் கட்டணமின்றி எல்லா நிறுவனத்தார்க்கும் வழங்கப்பட்டமையாலேயே இன்றும் நிலைத்திருக்கின்றது. பகிரப்பட்டது வாழ்கின்றது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

எனவே போலச்செய்தலை மதிப்பிட மூன்று வினாக்களை முன்வைக்கலாம். ஆக்கியோன் மூலத்தில் எதனைச் சாரமெனக் கண்டான்? அது கற்போனுக்குக் கட்டுப்பாட்டின் பயனை உணர்த்துகின்றதா? அது நாளை எவர் கையில் இருக்கும்? முதல் வினாவுக்கு டிவாவும், இரண்டாவதற்கு யூனோவும், மூன்றாவதற்கு டெக்செட்டும் தக்க விடைகளாகும். ஒன்றையே தெரிவுசெய்க எனின், டெக்செட்டையே தெரிவுசெய்வேன். அதன் ஒலி எல்லார்க்கும் உவப்பானதன்று என்பதை அறிவேன். பண்பேற்ற முறை கடினமானது என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும், வசதியற்ற மாணவன் ஒருவனும் பொருளுடைய கலைஞன் ஒருவனும் ஒரே கருவியை, ஒரே தரத்தில், ஒரே உரிமையோடு கையாளும் நிலையை அது சாத்தியமாக்குகின்றது. மூலங்கள் தோன்றிய காலத்தில் இச்சமத்துவம் இருந்ததில்லை. இவ்வொன்றிலேனும் நகல் மூலத்தை விஞ்சிநிற்கின்றது.