இரவுச் சோதனைகளும் எண்ணிக்கையும்: மெக்கிரிஸ்டல், ஸ்கேஹில் நூல்களை முன்வைத்து

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கா தொடங்கிய போரை, 2006-இல் வெளியான அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் மீளாய்வு அறிக்கை 'நீண்ட போர்' என்று குறிப்பிட்டது. நாம் தொலைக்காட்சியில் கண்ட டாங்கிகளுக்கும் குண்டுவீச்சு விமானங்களுக்கும் பின்னால், ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் இன்னொரு போர் நடந்துகொண்டிருந்தது. பெயர் வெளியிடப்படாத சிறப்புப் படையினர் இரவில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, ஒரு குறிப்பிட்ட வீட்டைச் சூழ்ந்து, தேடப்படுபவரைப் பிடிப்பார்கள் அல்லது கொல்வார்கள், விடிவதற்குள் திரும்பிவிடுவார்கள். 'இரவுச் சோதனை' என்று இதற்குப் பெயர். இந்தப் போரின் வரலாற்றை அறிய விரும்பும் மாணவர் கையில் முதலில் கிடைக்கக்கூடிய நூல்கள் இரண்டு. ஒன்று, அந்தப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஸ்டான்லி மெக்கிரிஸ்டல் மூவருடன் சேர்ந்து எழுதிய 'டீம் ஆஃப் டீம்ஸ்' (2015). மற்றொன்று, பத்திரிகையாளர் ஜெரமி ஸ்கேஹில் எழுதிய 'டர்ட்டி வார்ஸ்' (2013). இதே தலைப்பில் ரிக் ரௌலி இயக்கிய ஆவணப்படமும் அதே ஆண்டு வெளிவந்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றது.

முதல் நூல் எனக்கு வந்த வழியைச் சொல்லிவிட வேண்டும். என்னிடம் பத்தாம் வகுப்பில் வரலாறு படித்த மாணவர் ஒருவர் இப்போது மேலாண்மைத் துறையில் இருக்கிறார். "நல்ல புத்தகம் சார், எங்கள் பயிற்சி வகுப்பில் கொடுத்தார்கள்" என்று சொல்லி அனுப்பிவைத்தார். போர் பற்றிய நூல் என்று அவர் சொல்லவில்லை. படித்து முடித்தபோது, அது அவர் தவறல்ல என்று புரிந்தது.

வேகத்தின் கதை

மெக்கிரிஸ்டல் 2003 முதல் 2008 வரை அமெரிக்காவின் கூட்டுச் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகத்துக்குத் தலைவராக இருந்தார். இந்த அமைப்பு ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. 1980 ஏப்ரலில், தெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கத் தூதரக ஊழியர்களை மீட்கப் போன படை, ஈரானியப் பாலைவனத்தில் ஹெலிகாப்டரும் விமானமும் மோதிக்கொண்டதில் 8 பேரை இழந்து வெறுங்கையோடு திரும்பியது. தனித்தனியாக இருந்த சிறப்புப் படைப் பிரிவுகளை ஒரே தலைமையின் கீழ்க் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகுதான் வலுப்பெற்றது. எப்போதாவது ஒருமுறை, நெடுநாள் ஒத்திகை பார்த்து, ஒரு பணியை முடித்துத் திரும்புவதற்காக உருவான அமைப்பு இது. ஈராக்கில் ஒவ்வோர் இரவும் இயங்க வேண்டியதாயிற்று.

இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதை மெக்கிரிஸ்டல் நன்றாகவே விளக்குகிறார். தொடக்கத்தில், ஒரு வீட்டில் கைப்பற்றிய காகிதங்கள், கைப்பேசிகள், கணினிகள் எல்லாம் சாக்குகளிலும் குப்பைப் பைகளிலும் அடைக்கப்பட்டு, மேலே ஒரு குறிப்புச் சீட்டு ஒட்டப்பட்டுத் தலைமையகம் வந்துசேரும். மொழி தெரிந்தவர் பார்ப்பதற்குள் அவற்றில் இருந்த தகவல் காலாவதியாகிவிடும். வீட்டுக்குள் நுழைந்தவருக்கும் காகிதத்தைப் படிப்பவருக்கும் தொடர்பே இல்லை. இதைச் சரிசெய்ய அவர் உளவுத்துறையினரையும் படையினரையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்தார். நாள்தோறும் காணொளிக் கூட்டம் நடந்தது. அதில் ஏறத்தாழ 7,000 பேர் வரை இணைந்தார்கள். ஒரு வீட்டில் கிடைத்த தொலைபேசி எண், அதே இரவில் அடுத்த வீட்டுக்கு வழிகாட்டியது. விளைவு: 2004 ஆகஸ்டில் ஈராக் முழுவதும் மாதத்துக்கு 18 சோதனைகள், 2006 ஆகஸ்டில் 300.

இந்த இரண்டு எண்கள்தாம் அந்த வெற்றிக்கதையின் அச்சாணி. மேலாண்மைப் பயிற்சியாளர்களைக் கவர்ந்ததும் இவைதாம். எனக்குத் தடங்கலாக இருந்ததும் இவைதாம்.

300 என்பது எதன் எண்ணிக்கை? படை எத்தனை முறை புறப்பட்டது என்பதன் எண்ணிக்கை. ஓர் ஆசிரியர் எத்தனை விடைத்தாள் திருத்தினார் என்பதை வைத்து, எத்தனை மாணவர் தேறினார்கள் என்று சொல்ல முடியாது. அந்த 300 கதவுகளில் எத்தனை சரியான கதவுகள், எத்தனை வீடுகளில் தேடப்பட்டவர் இருந்தார், எத்தனை வீடுகளில் அவர் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள் இருந்தார்கள் என்ற கணக்கு, 18-க்கும் 300-க்கும் அருகே வைக்கப்பட்டிருந்தால் நூலின் மதிப்பு உயர்ந்திருக்கும். வேகம் கூடும்போது சரிபார்க்கும் நேரம் குறையும் என்பது சாதாரண உண்மை. ஒரு கைப்பேசியிலிருந்து அடுத்த வீட்டுக்குச் சில மணி நேரத்தில் போகும் முறையில், முதல் தகவல் பிழையானால் அந்தப் பிழையும் அதே வேகத்தில் பயணம் செய்யும். நிறுவனத்தின் கண்ணாடியில் பார்த்தால் இது தெரியாது. வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் இதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

இன்னொரு குறை, காரணகாரியம் பற்றியது. 2007-க்குப் பின் ஈராக்கில் வன்முறை குறைந்தது உண்மை. ஆனால் அன்பார் மாகாணத்தின் சுன்னி இனக்குழுக்கள் அல்கொய்தாவுக்கு எதிராகத் திரும்பியது, ஏறத்தாழ 30,000 அமெரிக்க வீரர்கள் கூடுதலாக அனுப்பப்பட்டது, 2007 ஆகஸ்டில் முக்ததா அல்-சதர் தம் படையைப் போர்நிறுத்தம் செய்யச் சொன்னது ஆகியவையும் அதே காலத்தில் நடந்தவை. நூல் இவற்றை ஓரத்தில் வைத்துவிட்டு அமைப்பு மாற்றத்தை நடுவில் வைக்கிறது. அல்கொய்தாவின் ஈராக் தலைவர் அபு முசாப் அல்-சர்காவி 2006 ஜூன் 7 அன்று பக்கூபாவுக்கு அருகே கொல்லப்பட்டார். அவர் வளர்த்த அமைப்பின் வாரிசுகள் 2014 ஜூனில் மோசுல் நகரைப் பிடித்தார்கள். நூல் வெளியானதோ 2015-இல். வலைப்பின்னலை வலைப்பின்னலால் வெல்லலாம் என்று சொல்லும் நூலுக்கு இதைவிடக் கடினமான கேள்வி வேறென்ன இருக்க முடியும்? அது நூலின் மையக் கேள்வியாகவில்லை.

கட்டபா கிராமத்து வீடு

ஸ்கேஹிலின் ஆவணப்படமும் ஒரு வீட்டைத்தான் முதலில் தேடிப் போகிறது. ஆப்கானிஸ்தானின் பக்தியா மாகாணத்தில், கர்தேஸ் நகருக்கு அருகே உள்ள கட்டபா கிராமம். 2010 பிப்ரவரி 12. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழாவுக்கு உறவினர்கள் கூடியிருந்தார்கள். அதிகாலையில் படை வந்தது. அமெரிக்கர்களிடம் பயிற்சி பெற்ற ஒரு காவல்துறை அதிகாரி, அரசு வழக்கறிஞரான அவருடைய சகோதரர், மூன்று பெண்கள் என ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெண்களில் இருவர் கர்ப்பிணிகள்.

அன்றே நேட்டோ வெளியிட்ட செய்திக்குறிப்பு, கட்டிப்போட்டுக் கொல்லப்பட்ட நிலையில் பெண்களின் உடல்களைப் படையினர் கண்டெடுத்ததாகச் சொன்னது. அதாவது, குடும்பமே அவர்களைக் கொன்றது என்ற பொருள்பட. லண்டன் 'டைம்ஸ்' இதழின் நிருபர் ஜெரோம் ஸ்டார்க்கி அந்த வீட்டுக்கே போய் எழுதிய பிறகு, ஏப்ரலில் நேட்டோ தன் கூற்றை மாற்றிக்கொண்டது. பெண்கள் கூட்டுப் படையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததை ஒப்புக்கொண்டது. உடல்களிலிருந்து குண்டுகள் கத்தியால் தோண்டி எடுக்கப்பட்டன என்ற குடும்பத்தாரின் குற்றச்சாட்டை மட்டும் அது ஏற்கவில்லை. சில நாட்களில், மன்னிப்பு கேட்கும் பஷ்தூன் வழக்கப்படி வாசலில் பலியிட ஆடுகளோடு ஓர் உயர் அதிகாரி வந்தார். அவர்தான் அப்போது சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகத்தின் தலைவரான வில்லியம் மெக்ரேவன். அடுத்த ஆண்டு ஒசாமா பின்லேடன் கொல்லப்பட்ட அபோட்டாபாத் நடவடிக்கையை மேற்பார்வையிட்டவரும் இவரே. அங்கே ஒரு புகைப்படக்காரர் இருந்ததால்தான், வந்தவர் யார் என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது.

இந்தப் பகுதிக்காகவே படத்தை மாணவர்கள் பார்க்க வேண்டும். ஒரு நடவடிக்கை அறிக்கை எப்படி எழுதப்படுகிறது, எப்படித் திருத்தப்படுகிறது, திருத்தவைக்க எத்தனை பேர் எத்தனை தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது. அப்போது ஆப்கானிஸ்தானில் நேட்டோ படைகளுக்குத் தலைமைத் தளபதியாக இருந்தவர் மெக்கிரிஸ்டல். நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், இரவுச் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் ஆணையையும் அவரே அந்த ஆண்டு தொடக்கத்தில் பிறப்பித்தார். அதன் ஒரு பகுதி மார்ச்சில் வெளியிடப்பட்டது. சோதனைகள் மக்களிடம் உண்டாக்கிய கோபம் அவருக்குத் தெரியாமல் இல்லை. 'டீம் ஆஃப் டீம்ஸ்' பெரும்பாலும் ஈராக்கைச் சுற்றியே நிற்பதால், அந்தத் தெளிவு அதில் இடம்பெறாமல் போனது. ஒரு தளபதி தன் முறையின் விலையை உணர்ந்து எழுதிய ஆணை, அந்த முறையைப் புகழும் நூலைவிட நல்ல பாடமாக இருந்திருக்கும்.

ஸ்கேஹிலிடமும் எனக்கு வருத்தம் உண்டு. படத்தில் அவர் துப்பறியும் கதாநாயகன் போலவே வருகிறார். இருண்ட ஒளி, பதற்றமான இசை, புரூக்ளின் வீட்டுக்குத் திரும்பியதும் இயல்பு வாழ்க்கையில் ஒட்ட முடியாத அவருடைய மனநிலை என்று கேமரா அவர் முகத்திலேயே அதிகம் தங்குகிறது. கட்டபா வீட்டுப் பாட்டியின் முகத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கலாம். நூல் இந்தக் குறையிலிருந்து பெருமளவு தப்பிக்கிறது. ஏமனில் 2009 டிசம்பரில் அல்-மஜாலா மீது நடந்த ஏவுகணைத் தாக்குதல், அமெரிக்கக் குடிமகனான அன்வர் அல்-அவ்லாகியும் அடுத்த இரண்டு வாரங்களில் அவருடைய 16 வயது மகனும் கொல்லப்பட்டது ஆகியவற்றை அது பொறுமையாகப் பதிவு செய்கிறது. ஆனால் அறுநூறு பக்கங்களுக்கு மேல் நீளும் அந்நூலில் பெயர்களின் நெரிசல் அதிகம். புதிய வாசகர் வழிதவறுவார்.

அதைவிட முக்கியமான குறை வேறு. 'டீம் ஆஃப் டீம்ஸ்' நூல் 2004 செப்டம்பர் 30 அன்று பாக்தாதில் நடந்த குண்டுவெடிப்பிலிருந்து தொடங்குகிறது. கழிவுநீர் நிலையத் திறப்பு விழாவில் இனிப்பு வாங்கக் கூடியிருந்த குழந்தைகளில் 35 பேர் அன்று இறந்தார்கள். அதைச் செய்தவர்களை யார், எப்படித் தடுப்பது? ஸ்கேஹில் தன் வாசகரை இந்தக் கேள்வியின் முன் நிறுத்துவதே இல்லை. கட்டபாவில் இறந்தவர்களுக்காகக் கோபப்படும் நாம், பாக்தாத் குழந்தைகளை எதிர்த்தரப்பு வாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அரசு தன்னையே கேட்டபோது

இரு நூல்களும் தராத ஒன்றை ஓர் அரசு ஆவணம் தருகிறது. ஆஸ்திரேலியச் சிறப்புப் படையினர் ஆப்கானிஸ்தானில் 2005 முதல் 2016 வரை நடந்துகொண்ட விதத்தைப் பற்றி மேஜர் ஜெனரல் பால் பிரெரெட்டன் நான்கு ஆண்டுகள் விசாரித்து அளித்த அறிக்கை, 2020 நவம்பரில் வெளியானது. 23 சம்பவங்களில் 39 ஆப்கானியர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதற்கு நம்பத்தகுந்த தகவல் உண்டு என்றும், அவற்றில் 25 படையினருக்குத் தொடர்பு உண்டு என்றும் அது கூறியது. போர்ச் சூட்டின் வெப்பத்தில் நடந்தவை அல்ல இவை. புதிய வீரர் முதல் கொலையைப் பழகுவதற்காகக் கைதியைச் சுடவைத்ததும், இறந்தவர் அருகே துப்பாக்கியையோ வானொலிக் கருவியையோ வைத்துப் படமெடுத்ததும் அதில் பதிவாகியுள்ளன. அப்படி வைப்பதற்காகவே கொண்டுபோகும் பொருளுக்குப் படையினரிடையே தனிப்பெயரே புழங்கியது.

அந்தப் படங்களோடு எழுதப்பட்ட அறிக்கைகளின்படி, இறந்தவர்கள் ஆயுதம் தாங்கிய எதிரிகள். தலைமையகத்தின் எண்ணிக்கையில் அவை வெற்றிகரமான நடவடிக்கைகள். மெக்கிரிஸ்டலின் 300-ஐப் பற்றி நான் எழுப்பிய ஐயத்துக்கு இது நேரடிப் பதில் ஆகாது. நாடும் படையும் வேறு. ஆனால் புறப்பட்டவர் எழுதிய அறிக்கையைக் கொண்டே வெற்றியை எண்ணும் எந்தப் படையும் இதே இடத்தில்தான் பார்வை இழக்கிறது. பிரிட்டனும் தன் சிறப்புப் படைகளின் ஆப்கான் இரவுச் சோதனைகளைப் பற்றி விசாரிக்க 2022 டிசம்பரில் நீதிபதி ஒருவர் தலைமையில் ஆணையம் அமைத்தது.

என் மாணவருக்கு நூலைத் திருப்பி அனுப்பியபோது, ஆவணப்படத்தின் முதல் பகுதியைப் பார்க்கும்படி எழுதியிருந்தேன். பார்த்துவிட்டு, "இந்த வீடு அந்த 300-இல் சேருமா சார்?" என்று கேட்டார். சேராது, அது ஈராக், இது நான்கு ஆண்டு கழித்து ஆப்கானிஸ்தான் என்று பதில் சொன்னேன். பிரெரெட்டன் அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்றும் சொன்னேன். அதைத் திறப்பவர்கள் ஒன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும்: சம்பவங்களை விவரிக்கும் பக்கங்களில் பெரும்பாலானவை கறுப்புப் பட்டையிட்டு மறைக்கப்பட்டுள்ளன.