கூச்சக்காரனுக்கு எந்த அதிகாரம்?

மேடைப் பயம், சபைக் கூச்சம், நாலு பேர் முன்னால் வாய் வராதது என்று எப்படிச் சொன்னாலும், தமிழில் அதற்கு முதலில் எடுத்து நீட்டப்படுவது திருக்குறளின் 73-ஆம் அதிகாரம், அவை அஞ்சாமை. தன்னம்பிக்கைப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலும் அதுதான். அதிகாரத்தின் பெயரே அப்படி இருப்பதால் யாரும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. சமீபத்தில் பரிமேலழகர் உரையோடு 71, 72, 73 மூன்றையும் சேர்த்து வாசித்தேன். என் அபிப்பிராயம்: மருந்து இருக்கிறது, ஆனால் நாம் எடுத்துக் கொடுப்பது வேற பாட்டில்.

73-இல் உள்ள பத்துக் குறளை எண்ணிப் பாருங்கள். முதல் ஐந்து (721-725) அஞ்சாதவனின் பெருமையும் கொஞ்சம் அறிவுரையும். அடுத்த ஐந்தும் (726-730) திட்டு. அதுவும் படிப்படியாக ஏறுகிற திட்டு. கோழைக்கு வாள் எதற்கு, அவைக்கு அஞ்சுகிறவனுக்குப் புத்தகம் எதற்கு என்று ஆரம்பிக்கிறார். அடுத்து, போர்க்களத்தில் பேடி கையில் இருக்கும் வாள் என்கிறார் (இன்றைக்கு யாரும் சொல்லக் கூடாத உவமை). பிறகு, எவ்வளவு படித்தும் பயனில்லை. பிறகு, படிக்காதவனைவிடக் கீழ். கடைசியில், உயிரோடு இருந்தும் இல்லாதவன் கணக்கு. கூச்சத்தால் ஏற்கெனவே சுருங்கிப்போன ஒரு பையனிடம் இதைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்கிறோம். நான் படித்த காலத்தில் ஒரு பையனை காலை பிரேயரில் இதே பத்தையும் ஒப்பிக்க வைத்தார்கள். ஏழாவது குறளில் நின்றுவிட்டான். எது ஏழாவது என்று மேலே பாருங்கள். அந்தச் சொல்லே மிச்ச வருஷம் முழுக்க அவனுக்குப் பட்டப்பெயர்.

வள்ளுவருக்காகவும் வாதாடலாம். இது பொருட்பாலில், அமைச்சியலில் வருகிறது. 64-இல் தொடங்கும் பத்து அதிகாரங்களில் இதுதான் கடைசி. அதாவது அரசவையில் பேச வேண்டிய அமைச்சனுக்கான வேலைத் தகுதிப் பட்டியல். பேசத் தெரியாத அமைச்சனால் நாட்டுக்கே நஷ்டம், அதனால் கடுமை. சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கூச்சக்காரன் பயப்படுவது அந்த மாதிரி அவைக்கா?

தேவதானப்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் நுழைந்ததும், "என்ன மாப்ள, இப்ப எங்குட்டு இருக்க? எவ்வளவு குடுக்குறாய்ங்க?" என்று ஒரு பெரியப்பா. பந்தியில் உட்கார்ந்தால் எதிர்வரிசையே நம் இலையைப் பார்ப்பது போல ஒரு எண்ணம். வள்ளுவரின் அவையில் அளக்கப்படுவது கற்ற நூல். மண்டபத்தில் அளக்கப்படுவது ஆள். நன்றாகப் படித்துக்கொண்டு போனால் பயம் போய்விடும் என்ற 725-இன் யோசனை முதல் இடத்துக்குச் செல்லும், இரண்டாவதுக்குச் செல்லாது. மண்டபத்துக்கு என்ன படித்துக்கொண்டு போவது?

(எங்க ஊர் மூங்கிலணை காமாட்சியம்மன் யார் முன்னாலும் வருவதே இல்லை. கருவறைக் கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும், பூசையெல்லாம் அந்தக் கதவுக்குத்தான். அதனால் அவளுக்கு மவுசு ஒன்றும் குறைந்துவிடவில்லை. மனுஷனுக்கு அந்தச் சலுகை கிடையாது.)

இந்தப் 'பார்க்கிறார்கள்' என்ற எண்ணத்தைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2000-இல் கிலோவிச், மெட்வெக், சவிட்ஸ்கி மூவரும் வெளியிட்ட ஆய்வு: பாடகர் பாரி மனிலோ படம் போட்ட டீ-சர்ட்டை ஒரு மாணவருக்கு மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். போட்டுக்கொள்ள வெட்கப்படுகிற மாதிரியான சட்டை. கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர். 1995-இல் கிளார்க், வெல்ஸ் இருவரும் சமூகப் பதற்றத்துக்குக் கொடுத்த விளக்கம் இன்னும் உள்ளே போகிறது. பதற்றம் வந்ததும் கவனம் எதிரே இருப்பவரைவிட்டு நம் மேலேயே திரும்பிவிடுகிறது. குரல் நடுங்குதா, முகம் சிவக்குதா, அடுத்த வாக்கியம் ரெடியா என்று உள்ளேயே ஒரு சிசிடிவி ஓடுகிறது. அதில் தெரியும் படத்தைத்தான் வெளியே எல்லோரும் பார்ப்பதாக நம்புகிறோம். போனை நோண்டுவது, கடைசி வரிசையில் உட்காருவது, சொல்ல வேண்டியதை மனசுக்குள் பத்து தடவை சொல்லிப் பார்ப்பது எல்லாம் தப்பிக்கும் வழிகள். அவையே பதற்றத்தைக் காப்பாற்றியும் வைக்கின்றன. அவர்கள் சிகிச்சையின் ஒரு முக்கியப் பகுதி கவனத்தை வெளியே திருப்பப் பழகுவது.

இப்போது மறுபடி குறளுக்கு வாருங்கள். 71 குறிப்பறிதல், முகத்தைப் பார்த்து மனதைப் படிப்பது. கூச்சக்காரன் இதில் டிஸ்டிங்ஷன். என்ன, எல்லா முகத்திலும் தன்னைப் பற்றிய தீர்ப்பை மட்டுமே படிப்பான். 73 அவனைத் திட்டுகிறது. நடுவில் இருக்கும் 72, அவை அறிதல், முழுக்க வெளியே பார்க்கிறது. யார் உட்கார்ந்திருக்கிறார்கள், கேட்கிற மனநிலையில் இருக்கிறார்களா, இவர்களுக்கு எது உபயோகம் என்பதுதான் அதன் கேள்விகள். உணரக்கூடியவர் முன் பேசுவது, வளர்கிற பயிரின் பாத்தியில் தண்ணீர் விடுவது போல என்கிறது 718. தண்ணீர் கட்டுகிறவன் பார்ப்பது பாத்தியை. மூத்தவர் நடுவே முந்திக்கொண்டு பேசாமல் இருப்பதை நலங்களிலெல்லாம் நலம் என்கிறது 715. வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பையனைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை 73-இல் கிடையாது.

இன்னொன்று. 711-உம் 721-உம், அதாவது இரண்டு அதிகாரங்களின் முதல் குறள்களும், பின்பாதியில் ஒரே சொற்களால் முடிகின்றன. கோடு எழுதுகிறவன் பார்வையில், இரண்டாவது ஃபங்ஷன் முதலாவதைக் கூப்பிட்டுத்தான் ஓடுகிறது. அவையை அறிந்த பிறகுதான் அஞ்சாமை. நாம் இரண்டாவதை மட்டும் தனியாக வெட்டி எடுத்து ஓட்டுகிறோம்.

730-க்கு நேர் எதிர்சாட்சி காந்தி. லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் எழுதி எடுத்துப் போனதைக்கூட அவரால் வாசிக்க முடியவில்லை, வேறொருவர் வாசித்தார். 1891-இல் பாரிஸ்டராகத் திரும்பியவர், பம்பாய் சிறுவழக்கு நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். சட்டம் படித்திருந்தார், சொல்ல வரவில்லை. குறள் கணக்கில் இல்லாதவன். 1893-இல் பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகள் முன் பேசியதைத்தான் தன் வாழ்க்கையின் முதல் பொதுப்பேச்சு என்கிறார். வியாபாரத்தில் உண்மை பற்றி, அவர்களுடைய சுகாதாரம் பற்றி, அங்குள்ள இந்தியர்களின் கஷ்டம் பற்றிப் பேசினார். எதிரே இருந்தவர்களுக்கு என்ன வேணும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இடையில் யாரும் அவரைப் பேடி என்று திட்டிக் குணப்படுத்தியதாகத் தெரியவில்லை. சொல்லைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கூச்சம்தான் கற்றுக்கொடுத்தது என்று பின்னாளில் எழுதினார்.

72-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. அறிந்தவர் முன் தவறுவது வழியிலேயே தடுக்கி விழுவது மாதிரி என்கிறது 716. பயத்தை உண்டாக்க அது ஒன்று போதும். தகுதியில்லாத அவையில் மறந்தும் பேசாதே என்கிற 719 இன்னும் ஆபத்து. 'இவங்களுக்கு என்ன புரியும்' என்று மீட்டிங்கில் மைக்கை மியூட்டில் வைத்திருக்கும் ஆட்களை எங்கள் துறையில் நிறையப் பார்க்கிறேன். பாதிப் பேருக்கு அது கர்வம். மீதிப் பேருக்குக் கூச்சம்தான், கர்வத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது.

வேலைக்கே போக முடியாமல், கடையில் சாமான் கேட்கக்கூட முடியாமல் இருப்பவர்களுக்கு எந்த அதிகாரமும் பத்தாது. அது சிகிச்சைக்குரிய விஷயம், சிகிச்சையும் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். போன் பேசவே பயப்படுகிறவனுக்குப் போன் நம்பர் கொடுப்பது கொஞ்சம் வேடிக்கைதான். வீட்டில் ஒருத்தர் முதலில் பேசிக் கொடுத்தால் ஆச்சு.

102-ஆம் அதிகாரம் நாணுடைமையில், செய்த காரியத்துக்காக நாணுவது வேறு, மற்ற நாணம் வேறு என்று முதல் குறளிலேயே பிரித்துவிடுகிறார். அந்தப் பிரிவினையைக் கூச்சத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். அது தனிக் குறிப்பாக.