பதினான்கிலிருந்து கழிக்கலாமா?

பேனா அளவு பிஎச் மீட்டர்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் ஒரு செய்முறை வகுப்பறைகளில் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. 0.1 மோலார் அம்மோனியாக் கரைசலில் மீட்டரை வைக்க வேண்டும். வரும் எண்ணைப் 14-இலிருந்து கழித்தால் பிஓஎச். அதிலிருந்து ஹைட்ராக்சைடு அயனியின் செறிவு. அதை இருமடியாக்கி, பிரியாமல் மிஞ்சிய காரத்தின் செறிவால் வகுத்தால் பிரிகை மாறிலி வந்துவிடும். ஒரே அளவீடு, மூன்று வரிக் கணக்கு. கரும்பலகையில் கிடந்த அயனிச் சமநிலைப் பாடத்தை மாணவர் கையில் கொடுத்துவிட்டோம் என்று இதை ஆதரிப்பவர்கள் பெருமைப்படுகிறார்கள்.

கணக்கின் அழகை மறுக்க மாட்டேன். மடக்கை, சமநிலை விதி, ஆஸ்வால்டின் நீர்த்தல் விதி மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டும் கணக்கு வேறு எளிதில் கிடைக்காது. அனிலீன் அம்மோனியாவைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிமை குறைந்த காரம் என்பதையும் அது தெளிவாகவே காட்டிவிடும். திறந்த பீக்கரில் அம்மோனியா ஆவியாவதும் காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரைவதும் எல்லோரும் அறிந்த குறைகள். பிஎச்-இல் நேரும் சிறு பிழை இருமடியாக்கும்போது பெருகுவதும் அப்படியே: 0.05 பிசகினால் மாறிலி கால் பங்கு பிசகும். இவற்றை நல்ல ஆசிரியர்கள் சொல்லித்தான் கொடுக்கிறார்கள்.

அவர்கள் சொல்லாமல் விடுவது அந்தப் 14-ஐப் பற்றி.

வலிமை குறைந்த அமிலத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. மீட்டர் உணர்வது ஹைட்ரஜன் அயனியை. அமிலத்தின் மாறிலிக்கு வேண்டியதும் அதுவே. காரத்துக்கோ வேண்டியது ஹைட்ராக்சைடு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக நீரின் அயனிப் பெருக்கம் தேவை, அது வெப்பநிலையோடு விரைந்து மாறும். பிஎச், பிஓஎச் இரண்டின் கூட்டுத்தொகை 25 டிகிரி செல்சியஸில் 14.00, 30 டிகிரியில் 13.83; 35 டிகிரியில் 13.68. நம் ஊர்ப் பள்ளி ஆய்வகம் ஆண்டில் எத்தனை நாள் 25 டிகிரியில் இருக்கிறது? ஏப்ரல் மாதத்து மதுரையிலோ வேலூரிலோ 35 டிகிரி சர்வ சாதாரணம்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 0.1 மோலார் அம்மோனியாவின் பிஎச் 25 டிகிரியில் 11.13, மாறிலி 1.8 × 10⁻⁵. ஐந்து டிகிரி கூடினால் அம்மோனியாவின் மாறிலி ஏறக்குறைய அப்படியே இருக்கும், நீர்தான் மாறிவிடும். அதனால் 30 டிகிரியில் மீட்டர் 10.96 அளவில் நிற்கும். அதைப் 14-இலிருந்து கழிக்கும் மாணவருக்குக் கிடைப்பது 8.4 × 10⁻⁶, அதாவது பாதிக்கும் குறைவு. 35 டிகிரியில் அதே பழக்கம் 4.2 × 10⁻⁶ என்று கால் பங்குக்கும் கீழே கொண்டுபோய் நிறுத்துகிறது.

இங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாணவர் சரியாக அளந்திருக்கிறார். மீட்டரும் சரியாகக் காட்டியிருக்கிறது. விடை நூலோடு பொருந்தாததால் பழி புட்டியின் மேல் விழுகிறது, மின்முனையின் மேல் விழுகிறது, கடைசியில் மாணவரின் கையின் மேல் விழுகிறது. மீட்டரில் வெப்பநிலை ஈடுசெய்யும் வசதி இருக்கிறதே என்று சிலர் பதில் சொல்கிறார்கள். அந்த வசதி திருத்துவது மின்முனையின் சரிவை மட்டும்: ஒரு பிஎச் அலகுக்கு 25 டிகிரியில் 59.2 மில்லிவோல்ட், 30 டிகிரியில் 60.2. மாணவர் தாளில் எழுதும் 14-ஐ எந்தக் கருவியும் திருத்தாது. 25 டிகிரிக்கு மட்டுமே இது பொருந்தும் என்று பாடநூலில் அச்சாகியிருக்கும்தான். வகுப்பறையில் அந்த நிபந்தனை உதிர்ந்துபோய், 14 இயற்கையின் மாறிலியைப்போல மனப்பாடமாகிவிடுகிறது. சரியான அளவீட்டைச் சந்தேகிக்கவும் தவறான எண்ணை நம்பவும் பழக்கும் செய்முறையை, உயிருள்ள கல்வி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பத்தின் அடுக்கு சரியாக வந்தால் போதாதா என்பது அடுத்த வாதம். போதாது. 8.4 × 10⁻⁶-இல் அந்த அடுக்கே மாறிவிட்டது. நீர்க்கரைசலில் அமீன்களின் கார வலிமையை வரிசைப்படுத்தச் சொல்லிக் கேட்கிறோம். ட்ரைமெத்திலமீனின் மாறிலி அம்மோனியாவின் மாறிலியைப்போல ஏறத்தாழ மூன்றரை மடங்குதான். நான்கு மடங்குக்கு மேல் தவறும் ஒரு முறையால் அளந்து, அந்த எண்ணை நூல் மதிப்பின் பக்கத்தில் வைத்து எதை வரிசைப்படுத்துவது? அந்த விடையையும் இரண்டு தசம இடம் வரை எழுதாவிட்டால் மதிப்பெண் குறைக்கிறோம்.

மாற்று வழி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 25 மில்லி அம்மோனியாக் கரைசலில் அதே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 12.5 மில்லி விட்டால் காரத்தில் பாதி அம்மோனியம் ஆகிவிடும். அந்தத் தாங்கல் கரைசலின் பிஎச், இணை அமிலத்தின் பிகேஏ மதிப்பை ஒட்டியே நிற்கும்: 25 டிகிரியில் 9.25-க்கு அருகில், 30 டிகிரியில் 9.1-க்கு அருகில். இருமடி இல்லை. சிறிதளவு கார்பன் டை ஆக்சைடு கரைந்தாலும் தாங்கல் அதைத் தாங்கிக்கொள்ளும். 14-இன் தேவையே எழாது. ஆய்வாளர்களின் அட்டவணைகள் காரங்களுக்கும் பெரும்பாலும் இணை அமிலத்தின் பிகேஏ மதிப்பையே தருகின்றன. காரத்தின் மாறிலிதான் வேண்டும் என்றால், அன்றைய வெப்பநிலைக்குரிய அயனிப் பெருக்கத்தை எடுத்துக்கொண்டு அப்போது கழிக்கட்டும்.

இதற்கு வேண்டியது ஒரு ப்யூரெட், ஒரு வெப்பமானி, சுவரில் ஒட்ட நீரின் அயனிப் பெருக்க அட்டவணை ஒன்று. அந்த அட்டவணை ஆய்வகத்தில் ஏறும்வரை, காரத்தின் பிஎச்-ஐத் தந்து வெப்பநிலையைத் தராத கேள்வி வினாத்தாளில் இடம்பெறக் கூடாது.