ஆற்றுப்படையும் தேட்டமும்

நூற்பட்டியலுக்கு எங்களிடையே யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. நாவல் வந்தால் எழுதுகிறோம். கவிதைத் தொகுதி வந்தால் வெளியீட்டு விழா வைத்து, பொன்னாடையும் போர்த்தி எழுதுகிறோம். புத்தகங்களைப் பற்றிய புத்தகம் வந்தால் மட்டும் அது நூலகருடைய வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். சென்ற சில ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பப் புரட்டியவை இரண்டு பட்டியல்கள்தாம். ஒன்று, மர்ஹூம் எஸ்.எச்.எம். ஜெமீல் தொண்ணூறுகளில் தொடங்கிப் பல பாகங்களாகத் தந்த ‘சுவடி ஆற்றுப்படை’. மற்றது, இங்கிலாந்தில் வாழும் நூலகவியலாளர் என். செல்வராஜா 2002இலிருந்து தொகுத்து வெளியிடும் ‘நூல் தேட்டம்’.

பெயர்களே எவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கின்றன! பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்புகிறவன், வழியில் எதிர்ப்பட்ட வறியவனுக்கு, இன்ன வழியால் போ, இன்ன ஊரில் இன்னது உண்ணக் கிடைக்கும், இன்னாரிடம் போய்ச்சேர் என்று சொல்லுவான். தான் பெற்றதை மறைக்காத மனம் அது. ஜெமீல் இலங்கை முஸ்லிம்களின் நூல்களைத் தேடித் திரட்டிவிட்டு, போய்ப் பார் என்று எங்களுக்குக் கைகாட்டுகிறார். ‘தேட்டம்’ வேறு தினுசு. தேசவழமைச் சட்டத்தில் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தைப் பிரிப்பார்கள். முதுசம் தானாக வரும்; தேட்டம் பாடுபட்டுச் சேர்ப்பது. யாழ்ப்பாணத்து நூலகங்களில் பணியாற்றியவர் செல்வராஜா. 1981இல் பொதுநூலகம் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களோடு எரிந்த ஊர் அது. முதுசம் சாம்பலான இடத்திலிருந்து வந்தவர் தேட்டம் என்ற சொல்லைத் தெரிந்தெடுத்ததை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்களுக்கும் இழந்த அலுமாரிகள் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் உடுத்த உடுப்போடு வந்தார்கள். கிதாபுகளையும் கைப்பிரதிகளையும் யார் தூக்கிவர முடியும்? 2004 சுனாமியில் கிழக்குக் கரையோர வீடுகளோடு போனவற்றுக்குக் கணக்கே இல்லை. புத்தகம் போனபின் எஞ்சுவது பட்டியலில் உள்ள ஒரு பதிவு மட்டும்தான். தலைப்பு, ஆசிரியர், அச்சகம், ஆண்டு, பக்கம் என்ற நாலைந்து வரி. அந்த வரியுமில்லையென்றால், அப்படியொரு நூல் இருந்தது என்று சொல்லவும் ஆளிருக்காது.

இரண்டுக்கும் வாசிப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. ஜெமீலுடையது எங்கள் வளவுக்குள் நடப்பது. யார் யார் என்ன எழுதினார்கள் என்று சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வருகிற மாதிரி இருக்கும். செல்வராஜாவுடையது சந்தை. ஒரு தொகுதிக்கு ஆயிரம் நூல்கள், பொருள்வாரியாக. இலங்கைத் தமிழ் நூல்கள் அத்தனையும் என்பதால், ஒரு முஸ்லிமின் கவிதைத் தொகுதிக்குப் பக்கத்தில் வடமராட்சிக்காரருடையதும் மலையகத்தவருடையதும் கிடக்கும். தேடிப்போனது ஒன்று, கையில் அகப்படுவது ஐந்து. எம்.ஏ. நுஃமானைத் தேடினால் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ மொழிக்குள் போய்விடும், ‘பலஸ்தீனக் கவிதைகள்’ இலக்கியத்துக்குள் இருக்கும். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’வைக் ‘கிராமப் பிறழ்வு’ என்று தமிழுக்குத் தந்தவர் எங்கள் எம்.எம். உவைஸ் என்பது, அவரை இஸ்லாமிய இலக்கிய ஆய்வாளராக மட்டும் அறிந்த ஒருவருக்குச் சிங்கள இலக்கியப் பகுதியில் தடுக்கி விழுந்தால்தான் தெரியவரும்.

இந்தத் தடுக்கி விழுதல் எங்கள் பிள்ளைகளுக்கு வாய்ப்பதில்லை. முன்பு நான் படிப்பித்த ஒரு பாடசாலையின் நூலகத்தில் முஸ்லிம் பெயருள்ள ஆசிரியர்களின் நூல்கள் எல்லாம் ஒரே இறாக்கையில் இருந்தன. டூயி தசமப் பகுப்பில் 297, இஸ்லாம். நாவலும் அங்கே, சிறுகதையும் அங்கே, ஜெமீல் தொகுத்த நாட்டார் பாடல்களான ‘கிராமத்து இதயம்’கூட அங்கே. “சேர், அது மார்க்கப் புத்தக இறாக்கை. எனக்குக் கதைப்புத்தகம் வேணும்” என்றான் பத்தாம் தரத்துப் பொடியன் ஒருவன். அவன் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது 1885இல் சித்திலெவ்வை எழுதிய அசன்பேயின் கதை: எகிப்து, களவுபோன குழந்தை, கப்பல் என்று ஓடுகிற கதை. தமிழின் ஆரம்ப நாவல்களில் ஒன்று. அதை 894.811க்கு, தமிழ் இலக்கியத்துக்கு, மாற்றி வைத்தால் போதும். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

எல்லாம் அவ்வளவு இலேசுமல்ல. மசலா, முனாஜாத்து, கிஸ்ஸா, நாமா, படைப்போர் ஆகியவை அரபு, பாரசீகத் தொடர்பாலும் எங்கள் தேவையாலும் தமிழுக்குள் பிறந்த வடிவங்கள். 1572இல் அரங்கேறிய ‘ஆயிர மசலா’ கேள்வியும் பதிலுமாகப் போகும். பொருள் மார்க்கம், உரு செய்யுள். எந்த எண்ணைக் கொடுப்பது? என் தீர்ப்பு, உருவத்துக்கே முதலிடம் என்பது. மார்க்கம் தேடுகிறவருக்கு 297இல் ஆயிரம் நூல்கள் உண்டு. தமிழில் இப்படியொரு வடிவமிருந்தது என்று அறியவேண்டிய உயர்தர மாணவிக்கு வேறு வழியில்லை. அரபுத்தமிழ் ஏடுகளின் பாடு இன்னும் மோசம். எழுத்து அரபு என்பதால் அரபுக் கிதாபுகளோடு அடுக்கப்பட்டு, தமிழ் வாசிப்பவர் கண்ணிலும் படாமல், அரபு வாசிப்பவருக்கும் விளங்காமல் கிடக்கின்றன.

செல்வராஜாவின் குறிப்புகளில் எனக்கொரு குறையுண்டு. அவை பெரும்பாலும் விவரிக்கும், மதிப்பிடா. காலத்தை வென்று நிற்கும் நூலுக்கும், விழாவுக்காக அச்சிட்ட நூலுக்கும் ஒரே அளவு வரி. முதல் முறை வருகிறவர் எதைத் தூக்குவது என்று திகைப்பார். ஆனால் அந்தத் தராசைப் பட்டியல்காரர் கையில் கொடுத்தால், இன்று சில்லறையாகத் தெரிவது எதுவுமே பதிவாகாது. தராசு விமர்சகனிடம் இருக்கட்டும். அவன்தான் பட்டியலை வாசிக்கிறானில்லை. ஒரு நூல் மூன்றாம் தொகுதியில் இல்லையென்றால் ஒன்பதாம் தொகுதியில் இருக்கலாம் என்பது இன்னொரு அலுப்பு. ஒவ்வொன்றாகச் சுட்டியைப் பார்க்கத்தான் வேண்டும். பதிவைக் கண்டபின் நூலைக் காண்பது இப்போது அவ்வளவு கஷ்டமில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் நிறைய நூல்கள் இலவசமாக உள்ளன.

இந்த வருடம் என் உயர்தர வகுப்பில் அவரவர் வீட்டு நூல்களைப் பதியச் சொன்னேன். கந்தூரி மலர், கலியாண வாழ்த்துமடல், மௌலூதுக் கிதாபு, வாகடம், எதுவென்றாலும் சரி. ஒரு பிள்ளை முகப்பு கிழிந்த அரபுத்தமிழ்ப் புத்தகமொன்றைப் பதிந்து வந்தாள். ஆசிரியர் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

“எங்கட உம்மம்மாக்கு இதில பாதி மனப்பாடம் சேர். அவட பேரப் போடட்டா?”

அடைப்புக்குறிக்குள், பாடக்கேட்டவர் என்று போடச் சொன்னேன்.